வீட்டுக் கடன்: கையொப்பத்துக்கு முன் கணக்கு

அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் தோட்டத்துக்கு வெளியே ஐந்து பேர்ச், பத்து பேர்ச் என்று காணி வாங்கி வீடு கட்ட முனையும் எமது குடும்பங்கள் இன்று பல. கொழும்பில் கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ பிள்ளைகள் உழைத்து அனுப்பும் காசு முன்பணமாகிறது. மீதிக்குக் கடன்தான். கடன் தருவதாகச் சொல்லி மோட்டார் சைக்கிளில் லயத்து வாசலுக்கே வருகிறவர்களுக்கும் குறைவில்லை.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். மலையக மக்களுக்குக் காணியும் உறுதியும் வீடும் வழங்கும் பொறுப்பு அரசுக்கும் கம்பனிகளுக்கும் உண்டு என்ற எமது நிலைப்பாடு அப்படியே இருக்கிறது. அந்தப் பொறுப்பு நிறைவேறும் வரை எட்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறையைக் காத்திருக்கச் சொல்ல எமக்கு மனமில்லை. ஆகவே கடன் வாங்குகிறவர்கள் ஏமாறாமல் வாங்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

எமது அங்கத்தவர்கள் அதிகம் ஏமாறுவது வட்டிச் சதவீதத்தில். "வருடத்துக்கு 12 சதவீதம்தான்" என்பார்கள். எதற்கு 12 என்று கேட்க வேண்டும். 5 இலட்சம் ரூபாவை 5 வருடத்துக்கு எடுத்து, முழுத் தொகைக்கும் கடைசி வரை 12 சதவீத வட்டி போட்டால் (இதைத்தான் ஃபிளாட் ரேட் என்கிறார்கள்) மாதத் தவணை 13,333 ரூபா, வட்டி மட்டும் 3 இலட்சம். அதே 12 சதவீதத்தை, கட்டக் கட்டக் குறைந்துவரும் மிகுதிக்கு மட்டும் போட்டால் தவணை 11,122 ரூபா, வட்டி ஏறத்தாழ 1 இலட்சத்து 67 ஆயிரம். சொல்லும் சதவீதம் ஒன்றுதான். ஆனால் முதலாவது கடனின் உண்மையான வட்டி ஏறத்தாழ 20 சதவீதம். அரச வங்கி 14 சதவீதம் என்று சொல்லும்போது, "அங்கே 14, இங்கே 12" என்று இந்தப் பக்கம் ஓடி வந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

அடுத்தது நிலையான வட்டியா, மாறும் வட்டியா என்பது. மாறும் வட்டி ஆரம்பத்தில் குறைவாக இருக்கலாம். பெரும்பாலும் அது வங்கிகளின் முதன்மைக் கடன் வட்டியோடு சேர்ந்து ஏறி இறங்கும். அந்த வட்டி 2021 முடிவில் 9 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் தன் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அந்த வருட முடிவில் முதன்மைக் கடன் வட்டி 27 சதவீதத்தைத் தாண்டியது. மாச் சம்பளக்காரருக்கே மூச்சுத் திணறிய நேரம் அது. நாட்சம்பளத்தில், மழைக்கும் கொழுந்துக்கும் ஏற்றபடி பேர் விழும் எமக்கு, சற்றுக் கூடுதலாக இருந்தாலும் நிலையான வட்டியே பாதுகாப்பு என்பது எமது கருத்து. அதிலும் எத்தனை வருடத்துக்கு நிலையானது என்று கேளுங்கள். முதல் இரண்டு வருடத்துக்கு மட்டும் நிலையாக வைத்துவிட்டு அதன்பின் மாற்றும் கடன்களும் உண்டு.

காலத்தை நீட்டினால் தவணை குறையும், உண்மைதான். 10 இலட்சத்தை 14 சதவீதத்தில் 10 வருடத்தில் கட்டினால் மாதம் 15,527 ரூபா. 20 வருடமென்றால் 12,435 ரூபா. மாதம் மூவாயிரம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் கட்டி முடிக்கும் மொத்தத் தொகை 18 இலட்சத்து 63 ஆயிரத்திலிருந்து ஏறத்தாழ 29 இலட்சத்து 84 ஆயிரமாகிவிடும். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்திருந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் 20 நாள் வேலைக்கு 27,000 ரூபா கிடைத்தது, சேமலாப நிதிக்கு 8 சதவீதம் போனால் 24,840. அதில் பாதி தவணைக்கே போயிருக்கும். ஒருவர் சம்பளத்தை மட்டும் நம்பி இந்த அளவு கடனில் இறங்க வேண்டாம்.

எங்கே வாங்குவது? எமது முதல் பதில், உங்கள் ஊழியர் சேமலாப நிதி. அதில் இருக்கும் மிகுதியில் 75 சதவீதம் வரையான தொகைக்குத் தொழில் திணைக்களத்தின் சான்றிதழைப் பெற்று, எச்.டி.எஃப்.சி. வங்கி, அரச ஈட்டு முதலீட்டு வங்கி, மக்கள் வங்கி போன்றவற்றில் வீட்டுக் கடன் எடுக்கலாம். இங்கே பிணை உங்கள் சேமலாப நிதிதான். தவணை தவறினால் அது உங்கள் கணக்கிலிருந்தே அறவிடப்படும். ஐம்பது வயதில் பணம் எடுக்கப் போகும் அக்காமாரும் ஐம்பத்தைந்தில் போகும் அண்ணன்மாரும், மிச்சம் இவ்வளவுதானா என்று அப்போது திகைக்கக் கூடாது.

இன்னொரு வழியும் உண்டு. 10 வருடம் பங்களிப்புச் செய்து, கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபா உள்ளவர்கள் வீட்டுக்காக 30 சதவீதத்தை மீளப் பெறலாம். இது கடனல்ல. வட்டி கிடையாது, திருப்பிக் கட்டவும் தேவையில்லை. எடுத்த பணத்துக்கு நிதி தரும் வட்டியை மட்டும் இழப்பீர்கள் (2024க்கு அது 11 சதவீதம்). 14 சதவீதத்துக்குக் கடன்படுவதைவிட இது இலாபம், பணம் உண்மையில் சுவராகவும் கூரையாகவும் மாறினால். கலியாணத்துக்கும் பழைய கடனுக்கும் போனால் முதுமைக் காசு போனதுதான். நிர்வாகம் பங்களிப்பை ஒழுங்காகச் செலுத்தாத தோட்டங்களில் இந்த இரண்டு வழியும் அடைபட்டுப் போகும். நிலுவை உள்ள தோட்டங்களின் கமிட்டித் தலைவர்கள் விபரத்தை உடனே அனுப்ப வேண்டும்.

காணியை ஈடு வைத்து வங்கியில் கடன் எடுப்பதானால் உறுதி, நில அளவைப் படம், காணிப் பதிவகத்தின் தோம்புப் பிரதி, பிரதேச சபையின் அனுமதி எல்லாம் கேட்பார்கள். கேட்கட்டும். அந்தக் கேள்விகள் உங்களையும் காப்பாற்றுகின்றன. எந்தக் கடதாசியும் பார்க்காமல் கடன் தருகிறவர் உங்கள் காணியைப் பற்றிக் கவலைப்படுகிறவரல்ல. மலைச்சரிவென்றால் தேசிய கட்டட ஆய்வு நிறுவனத்தின் சிபாரிசும் வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் நடந்ததை நாம் மறக்க முடியாது. தோட்டக் காணியில் கடனுக்கு வீடு கட்டி, செக்ரோலில் வருடக்கணக்காகக் கழித்துக் கொடுத்தும் உறுதி கைக்கு வராத குடும்பங்கள் எம்மிடையே இருக்கின்றன. உறுதி யார் பெயரில் வரும், எப்போது வரும் என்பது எழுத்தில் இல்லாத கடனுக்கு எவரும் கையொப்பமிட வேண்டாம். அந்த உறுதியில் மனைவியின் பெயரும் இருக்கட்டும். தவணையில் பாதி அவர் பறித்த கொழுந்தில்தான் கட்டப்படுகிறது.

கடன் பத்திரம் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. முன்கூட்டியே கட்டி முடித்தால் தண்டப்பணம் உண்டா, காப்புறுதிக்கும் சட்டத்தரணிக்கும் மதிப்பீட்டுக்கும் எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பத்திரத்தின் பிரதியோடு எமது மாவட்டக் காரியாலயத்துக்கு வாருங்கள். வாசித்துச் சொல்ல ஆளிருக்கிறது, அதற்குக் கட்டணமில்லை. ஆனால் கையொப்பமிடுவதற்கு முன்பு வாருங்கள்.