உதகையின் படச்சுருளும் நம் வீட்டுப் பெட்டியும்

நீலகிரி என்றதும் தேயிலையும் யூகலிப்டஸ் தைலமும் மலைரயிலும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயின், தமிழகத்து வீடுகள் பலவற்றின் திருமணமும் பள்ளி ஆண்டுவிழாவும் எந்தச் சுருளின்மேல் ஒளியாய்ப் படிந்தனவோ, அந்தச் சுருளும் ஒரு தலைமுறைக் காலம் அம்மலையில்தான் உருவாயிற்று என்பதை இன்றைய மாணவர் பலர் அறியார். உதகமண்டலத்தை அடுத்த இந்து நகரில் இயங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்னும் நடுவண் அரசு நிறுவனத்தைக் குறிக்கின்றோம். 1960-இல் பதிவு பெற்று, பிரான்சு நாட்டின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையுடன் எழுந்து, 1967-இல் அது உற்பத்தியைத் தொடங்கியது. அதன் வணிகப் பெயர் 'இந்து'. இப்பெயரைச் சமயப் பெயரென மயங்குவாரும் உளர். திங்களைக் குறிக்கும் வடசொல் அது. வெள்ளி உப்பைப் பூசிச் செய்யும் பொருளுக்கு நிலவின் பெயரை இட்டவர் யாராயினும், அவர் சுவையறிந்தவரே.

அந்நிறுவனம் ஊடுகதிர்ப் படத்தாள், திரைப்படச் சுருள், புரோமைடு தாள் எனப் பலவும் செய்தது. நாம் ஈண்டு எடுத்துரைக்க விழைவது அவற்றுள் ஒன்றைப் பற்றியே: 120 என்னும் எண்ணால் வழங்கப்பெற்ற, ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் அகலமுள்ள சுருள். அச்சுருளையும், அது பொருந்தும் கருவிகளையும், அவற்றைச் சுற்றி வாழ்ந்த தொழிலையும் ஒருங்கே ஓர் அமைப்பு எனக் கொண்டால், அவ்வமைப்பின் தேய்வுதான் இக்கட்டுரையின் பொருள்.

120 சுருளை 1901-இல் கோடக் நிறுவனம் தன் பிரௌனிக் கருவிக்கென வெளியிட்டது. படலத்தின் பின்னே ஒரு தாள் ஒட்டிச் சுற்றப்பட்டிருக்கும். தாளின் எண்களைக் கருவியின் முதுகிலுள்ள சிறு சிவப்புச் சாளரத்தின் வழியே பார்த்து அடுத்த படத்துக்குத் திருப்ப வேண்டும். சதுரப் படமாயின் பன்னிரண்டு கிடைக்கும், பதின்மூன்றாவது கிடையாது. நம் நாட்டில் இச்சுருளை இல்லந்தோறும் கொண்டுசென்றது அக்ஃபா கிளிக் 3 என்னும் எளிய கறுப்புப் பெட்டி. பரோடாவில் செய்யப்பட்ட அக்கருவியில் வெயிலுக்கும் மேகத்துக்கும் குறிகள் இருந்தன; அவற்றுள் ஒன்றைத் தெரிந்து விசையை அழுத்துவதன்றி வேறு வித்தை வேண்டியதில்லை. கழுவிய நெகட்டிவைத் தாளின்மேல் நேரே வைத்து அச்சிட்டால் வெள்ளை ஓரமிட்ட, உள்ளங்கைக்குள் அடங்கும் சதுரப்படம் கிடைக்கும். பழைய பெட்டிகளில் இன்றும் கண்ணில் படுபவை அவையே.

ஸ்டூடியோக்களின் கதை வேறு. ஆங்கே மேலொன்றும் கீழொன்றுமாய் இரு வில்லை தாங்கிய கருவிகள் கோலோச்சின. 1929-இல் ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக் நகரில் பிறந்த ரோலிஃபிளெக்ஸ் அவற்றுள் ஒன்று. பின்னாளில் ஜப்பானின் யாஷிகா மாட், மாமியா ஆகியன வந்தன. இக்கருவியைக் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடிப்பதில்லை. மார்புக்குக் கீழே தாங்கி, தலையைக் குனிந்து, மேற்புறத்துக் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரியும் உருவைப் பார்க்க வேண்டும். படம் எடுப்பவர் எதிரில் இருப்பவர்முன் தலை தாழ்த்தியே நிற்பார். எளிய மக்கள் அக்கருவியின்முன் அஞ்சாமல் அமர்ந்ததற்கு இந்தத் தலைவணக்கமும் ஒரு காரணம் என்பது நம் கருத்து. இதை மெய்ப்பிக்க நம்மிடம் கணக்கு இல்லை. ஆல்பங்களிலுள்ள முகங்களைப் பார்த்தவர் மறுக்கமாட்டார்.

இச்சதுர நெகட்டிவின் சிறப்பு அதன் பரப்பில் உள்ளது. முப்பத்தைந்து மில்லிமீட்டர் சுருளின் சட்டம் 24-க்கு 36 மில்லிமீட்டர்; 120 சுருளின் சதுரமோ பக்கத்துக்கு 56 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் மூன்றரை மடங்குக்கும் மேல். எனவேதான் அறுபது பேர் நிற்கும் பள்ளிக் குழுப்படத்திலும் பின்வரிசை மாணவனின் சட்டைப் பொத்தான் தெரிகின்றது. பென்சிலால் நெகட்டிவிலேயே முகச்சுருக்கத்தைத் திருத்தவும் அப்பரப்பு இடமளித்தது.

இத்தகைய சுருளுக்கு உதகை ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது? தூசியற்ற காற்றும் குளிர்ச்சியும் நல்ல நீரும் காரணம். ஜெலட்டின் பூச்சின் இயல்பை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். படம் கழுவும் டெவலப்பருக்கு நூல்கள் கூறும் வெப்பநிலை 20 டிகிரி. சென்னையிலும் மதுரையிலும் கோடையில் குழாய்நீர் அதைவிட மிகச் சூடாக இருக்கும். பூச்சு ஊறி உப்பி உரியத் தொடங்கும். ஆகவே சமவெளி ஸ்டூடியோக்காரர் பனிக்கட்டி வாங்கி நீரைக் குளிர்விப்பர். மலையிலோ நீரைச் சற்றுச் சூடாக்க வேண்டியிருக்கும். பூச்சுப் பூசும் இடத்தில் ஒரு துகள் விழுந்தாலும் அது படத்தில் புள்ளியாய் நிற்கும். எல்லா நிற ஒளியையும் உணரும் சுருளை முழு இருளில்தான் கையாள வேண்டும். வெளியே நீலவானமும் தைல மரமுமாய்ப் பகல் விரிந்திருக்க, உள்ளே கண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உழைத்த அத்தொழிலாளரின் திறமை தமிழில் எழுதப்படவே இல்லை. தேயிலை பறிப்பவரைப் பற்றிக் கதையும் பாட்டும் உண்டு. இருளில் வேலை செய்தவருக்கு ஒன்றும் இல்லை.

இனி வீழ்ச்சியைப் பார்ப்போம். "எண்ணியல் கருவி வந்தது, படச்சுருள் மாண்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோர் பலர். ஆண்டுகளை வரிசையாக வைத்தால் அக்கூற்று நில்லாது. உதகை நிறுவனம் நலிவுற்றதென 1995-இல் தொழில், நிதி மறுசீரமைப்பு வாரியத்தின் முன் சென்று, 1996-இல் அவ்வாறே அறிவிக்கப்பட்டது. அன்று எண்ணியல் கருவியைக் கண்ணால் கண்ட தமிழர் எத்தனை பேர்? நோய் வேறிடத்தில் இருந்தது. எண்பதுகளில் வண்ணச் சுருளும், அதை அரைமணியில் அச்சிட்டுத் தரும் இயந்திரங்களும், கைக்கடக்கமான முப்பத்தைந்து மில்லிமீட்டர் கருவிகளும் சந்தையைப் பிடித்தன. நம் சமுதாயத்து இளைஞர் வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வருகையில் பெட்டியில் கொணர்ந்தவற்றுள் அத்தகைய கருவியும் ஒன்று என்பதைப் பெரியோர் நினைவுகூர்வர். உதகையின் வலிமையோ கறுப்பு வெள்ளையில் இருந்தது. 1991-க்குப் பின் இறக்குமதித் தீர்வை குறைந்தது. அந்நேரத்தில் நிறுவனம் பாலியெஸ்டர் ஊடுகதிர்ப் படத்தாள் திட்டத்துக்கென வாங்கிய பெருங்கடன் வட்டியோடு வளர்ந்துகொண்டிருந்தது. வட்டி எதைத்தான் விட்டுவைத்தது!

2003-இல் நிறுவனத்தை மூடிவிடலாம் என்று வாரியம் பரிந்துரைத்தது. வழக்குகள் தொடர்ந்தன. 2014-இல் விருப்ப ஓய்வுக்கென நடுவண் அரசு ஏறத்தாழ 181 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. 2016-ஆம் ஆண்டளவில் எல்லாம் அடங்கிற்று. நலிவென்று அறிவித்ததற்கும் கதவடைத்ததற்கும் இடையே இருபது ஆண்டுகள். ஒரு நகர்க்குடியிருப்பு முழுவதும் நம்பிக்கைக்கும் ஏக்கத்துக்கும் இடையே தொங்கிய இருபது ஆண்டுகள் அவை. மூடியதைவிட இவ்விழுபறியே பெருங்கொடுமை என்று நாம் கருதுகிறோம்.

வேறு வழியே இல்லையா? இங்கிலாந்தின் இல்ஃபோர்டு நிறுவனத்தை எண்ணிப் பாருங்கள். அதுவும் 2004-இல் கடன்கொடுத்தோர் கைக்குப் போயிற்று. ஆனால் அதன் மேலாளர் சிலர் ஒன்றுகூடிக் கறுப்பு வெள்ளைப் பிரிவை வாங்கி, அளவைக் குறைத்து, ஹார்மன் என்னும் பெயரில் நடத்தினர். 120 சுருளை இன்றும் செய்து உலகெங்கும் விற்கின்றனர். செக் நாட்டின் ஃபோமா நிறுவனமும் அவ்வாறே நிலைத்துள்ளது. இவ்வொப்பீட்டை அளவுக்குமீறி இழுத்தல் தகாது. இல்ஃபோர்டுக்கு உலகச் சந்தையும் பழம்பெயரும் இருந்தன, உதகைக்கோ உள்நாட்டுச் சந்தையே உயிர். எனினும் சுருங்கிய அளவில் ஒரு பூச்சுக் கூடத்தையேனும் காப்பாற்றும் முயற்சி முழுமனத்தோடு நடந்திருக்கலாம். கோடக் நிறுவனமே 2012-இல் திவால் பாதுகாப்புக் கோரிய உலகில், சிறிதாதலே பிழைத்தலுக்கு வழியாயிற்று. நம் அரசுத் துறைகளுக்குப் பெரிதாகத் தொடங்கவும் முற்றாக மூடவும் தெரிகின்றது, சிறிதாக்கத் தெரிவதில்லை.

கருவிகளும் ஒவ்வொன்றாய் விடைபெற்றன. யாஷிகா மாட் 124ஜி எண்பதுகளின் நடுவில் நின்றது. மாமியா சி330 தொண்ணூறுகளில் நின்றது. நிலவில் நடந்தவர் 1969-இல் கையில் வைத்திருந்த சுவீடனின் ஹாசல்பிளாட் கூட, அந்தப் பழைய வரிசையை 2013-இல் நிறுத்திக்கொண்டது. நீலகிரியில் எஞ்சிய கருவிகளை அழிப்பது சந்தையன்று, பூஞ்சை. தென்மேற்குப் பருவமழையில் மூடிய அலமாரிக்குள் இருக்கும் வில்லையில் அது நூல்நூலாய்ப் படர்கின்றது.

ஆயினும் கருவி போனதற்காக நாம் இத்துணை வருந்தவில்லை. நம் கவலை நெகட்டிவ்களைப் பற்றியது. அதன் காரணத்தை விளக்குதற்குச் சற்றுப் பின்னே செல்ல வேண்டும்.

நீலகிரி மக்கள் ஒளிப்படத்துக்குப் புதியவர் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஏ.டி.டபிள்யூ. பென் என்னும் ஆங்கிலேயர் உதகையில் தொழில் நடத்தினார். 1873-இல் வெளிவந்த பிரீக்ஸ் என்பாரின் நீலகிரிப் பழங்குடிகள் பற்றிய நூலில் ஒளிப்படங்கள் உண்டு. அப்படங்களில் தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் இருக்கின்றனர். ஆனால் இனத்தின் பெயரால், ஆய்வுப் பொருளாக இருக்கின்றனர். படம் வேண்டுமென்று கேட்டவர் அவர்கள் அல்லர். அவர்களிடம் அது தரப்பட்டதும் இல்லை என்றே நினைக்க வேண்டியுள்ளது. தேயிலைத் தோட்டத் தொழிலாளி, தானே விரும்பிக் காசு கொடுத்து, வெளுத்த வேட்டி கட்டி, மனைவியையும் பிள்ளைகளையும் நிறுத்தித் தன் படத்தை எடுத்துக்கொண்ட காலம் 120 சுருளின் காலம்தான். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தோர் பலர் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் குடியமர்ந்தனர். 1968-இல் வனத்துறை வழியே தொடங்கி 1976 முதல் டான்டீ என வழங்கும் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அவர்தம் மறுவாழ்வுக்கென எழுந்தவையே. பிறந்த மண்ணை விட்டுவந்த அவர்களுக்குக் கடவுச்சீட்டுப் படம் வெறும் படமன்று. இன்னார் இன்னார்க்கு உறவு என்பதற்கு அதுவே சான்று.

நம் இல்லங்களிலும் இதுவே நிலை. படம் எடுத்துக்கொள்ளத் தயங்கிய தலைமுறையைச் சேர்ந்த பாட்டிமார் பலருக்கு வாழ்நாளில் ஒரேயொரு படம்தான் உண்டு. ஹஜ் பயணத்துக்காக எடுத்த கடவுச்சீட்டுப் படம். பேரப்பிள்ளைகள் கொண்டாடும் அம்முகத்தின் நெகட்டிவ் ஏதோவோர் ஊரில், ஏதோவொரு ஸ்டூடியோவின் பரணில், அட்டைப்பெட்டிக்குள் கிடக்கின்றது. ஸ்டூடியோ உரிமையாளர் மறைந்ததும் பிள்ளைகள் இடத்தை வாடகைக்கு விடுகின்றனர். பெட்டிகள் பழைய பொருள் வாங்குவோரிடம் போகின்றன. வெள்ளிக்காக நெகட்டிவ்களைக் கரைப்பாரும் உண்டு. பாட்டியின் முகம் சில மில்லிகிராம் வெள்ளியாகின்றது.

பென் எடுத்த படங்களையாவது அவருடைய வழித்தோன்றல் ஒருவர் பல்லாண்டுகள் தேடித் திரட்டி நூலாக்கினார். நம் ஸ்டூடியோக்காரர்க்கு அத்தகைய வழித்தோன்றல் யார்? தமிழ்த்துறை மாணவர்களே ஏன் ஆகலாகாது என்று கேட்கின்றோம். ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராய் நடந்த மரபு நம்முடையது. நெகட்டிவும் ஒரு வகைச் சுவடியே. கறையானுக்குப் பதில் பூஞ்சை. இது ஒளிப்படக் கலைஞரின் வேலை, தமிழ் கற்போர்க்கு இதில் என்ன என்று சிலர் கூறலாம். நெகட்டிவைப் பிரதியெடுக்க இயந்திரம் போதும். அதிலிருப்பவர் யார், எந்த ஊர், எந்த உறவு, அந்நாளில் என்ன நிகழ்ந்தது என்பதைக் கேட்டு எழுத மொழியறிந்தவரே வேண்டும். பெயரற்ற படம் பிரீக்ஸின் நூலிலுள்ள படம் போன்றதே.

காலமும் மிகுதியாக இல்லை. அக்காலச் சுருள்களின் அடித்தளமான அசிடேட், ஈரத்திலும் வெப்பத்திலும் சிதையும். பெட்டியைத் திறந்தவுடன் காடி நாற்றம் வந்தால் சிதைவு தொடங்கிவிட்டதென அறிக. அத்தகையவற்றை நல்லவற்றிலிருந்து உடனே பிரித்துவைத்தல் வேண்டும். பிளாஸ்டிக் உறை ஆகாது. அமிலமற்ற தாளுறை நன்று. ஈரமில்லாத, குளிர்ந்த இடம் வேண்டும். உறையின்மேல் பேனாவால் எழுதாமல் பென்சிலால், நெகட்டிவை உள்ளே இடுவதற்கு முன்பே எழுதுக: பெயர், ஊர், தோட்டமாயின் தோட்டத்தின் பெயரும் லயத்தின் எண்ணும், எடுத்த ஆண்டு, ஸ்டூடியோவின் பெயர், தகவல் தந்தவர் பெயர்.