கொடுத்தவர் பிழைக்கு வாங்கியவர் தண்டமா?

அமெரிக்காவில் வேலையிழந்தோர் உதவித்தொகையைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு நியாயம் உடனே முன்னால் வந்து நிற்கும். தகுதிக்கு மேல் வாங்கியவர் திருப்பிக் கட்ட வேண்டியதுதானே? அதைத் தள்ளுபடி செய்தால் ஏமாற்றுக்காரனுக்குக் கொண்டாட்டம், ஒழுங்காக வரி கட்டுகிறவன் தலையில் மிளகாய் அரைத்த கதை. கேட்பதற்குக் கணக்கு சுத்தமாகத்தான் இருக்கிறது. அந்த மிகைத்தொகை எப்படி உண்டானது என்று யாராவது கேட்கும் வரைக்கும்.

2020 மார்ச் 27 அன்று கொரோனா நிவாரணத்துக்கான கேர்ஸ் சட்டம் கையெழுத்தானது. அந்த நாட்களில் ஒரே வாரத்தில் 60 லட்சத்துக்கும் அதிகமானோர் புதிதாக விண்ணப்பித்தார்கள். மாநில அலுவலகங்களின் கணினிகளோ தாத்தா காலத்தவை. கோபோல் என்ற பழைய நிரல்மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று நியூ ஜெர்சியின் அன்றைய ஆளுநர் ஃபில் மர்ஃபி வெளிப்படையாகவே கேட்டார். வழக்கமான உதவித்தொகைக்கு மேலான கூடுதல் தொகையை அவரவர் சம்பளத்துக்கு ஏற்பக் கணக்கிட அந்த இயந்திரங்களால் ஆகாது என்பதால், எல்லோருக்கும் வாரம் 600 டாலர் என்று முடிவாயிற்று. டாக்ஸி ஓட்டுநர், முடிதிருத்துபவர் போன்ற சுயதொழிலாளர்களுக்கு அதுவரை இல்லாத ஒரு தனித் திட்டமும் அவசரமாக முளைத்தது. விதிகள் வாரத்துக்கு வாரம் மாறின. முதலில் கொடு, பிறகு பார்க்கலாம் என்பதே அன்றைய நடைமுறை.

அந்தப் ‘பிறகு’ வந்தபோது பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதங்கள் பறந்தன. பத்து வாரம் வாங்கியவருக்குக் கூடுதல் தொகை மட்டுமே 6,000 டாலர். அது வீட்டு வாடகையாகவும் மளிகையாகவும் கரைந்து ஓராண்டு ஆகியிருக்கும்.

இதில் ஒரு வகையை மட்டும் பார்த்தால் போதும். ‘வேலை செய்யும் நிலையில் இருக்கிறீர்களா, அழைத்தால் வருவீர்களா’ என்பது படிவத்தில் ஒரு கேள்வி. சிலர் ‘இல்லை’ என்று உண்மையையே எழுதினார்கள். அதைப் பரிசீலிக்காமலே மாநிலம் பணம் அனுப்பியது. இவர்களை எந்த அகராதியின்படி ஏமாற்றுக்காரர்கள் என்பது? இப்படிப்பட்டவர்களுக்கு மொத்தமாகத் தள்ளுபடி தரலாம் என்று மத்திய தொழிலாளர் துறை சொன்னது 2022 பிப்ரவரியில்தான். சுயதொழிலாளர் திட்டத்திலோ 2020 டிசம்பர் வரை தள்ளுபடிக்குச் சட்டத்தில் வழியே இருக்கவில்லை.

கொரோனா விதிவிலக்கான காலம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மிகைத்தொகை இந்த ஏற்பாட்டின் உள்ளேயே இருக்கிறது. தகுதி உண்டு என்று முதல் கட்டத்தில் தீர்மானித்த பிறகு, முதலாளி மேல்முறையீடு செய்தார் என்பதற்காகப் பணத்தை நிறுத்தக் கூடாது என்று 1971இல் ஜாவா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலை போனவனுக்கு இன்றைக்குச் சோறு வேண்டும் என்பதால் அது நல்ல தீர்ப்புதான். அதன் மறுபக்கம் இது: மேல்முறையீட்டில் முதலாளி வென்றுவிட்டால், அதுவரை முறைப்படி கொடுக்கப்பட்டு முறைப்படி வாங்கப்பட்ட பணம் கடனாக மாறிவிடலாம். விண்ணப்பித்தவர் ஒரு பொய்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

மிச்சிகன் மாநிலம் இதைவிடப் பெரிய பாடம். அங்கே 2013 அக்டோபரில் மைடாஸ் என்ற கணினி அமைப்பு வந்தது. முதலாளி தந்த தகவலும் தொழிலாளி தந்த தகவலும் ஒத்துப்போகாவிட்டால் அது தானாகவே மோசடி என்று முடிவு கட்டியது. விளக்கம் கேட்கும் கேள்விகள், பலர் எப்போதோ பார்ப்பதை நிறுத்திவிட்ட ஆன்லைன் கணக்குகளுக்குப் போயின. பதில் இல்லையா, மோசடிதான். வாங்கிய தொகையோடு நான்கு மடங்கு அபராதம், அதற்கு மேல் 12 சதவீத வட்டி. சம்பளத்தில் பிடித்தார்கள், வருமான வரியில் திரும்ப வரவேண்டிய பணத்தையும் எடுத்துக்கொண்டார்கள். பிற்பாடு, மனிதத் தலையீடே இல்லாமல் முடிவான 22,427 வழக்குகளை ஆராய்ந்தபோது 93 சதவீதம் தவறு என்று தெரிந்தது. நூற்றுக்கு ஏழு சரியாகச் சொல்லும் இயந்திரத்தை நம்பி மனிதர்களைத் திருடர்களாக்கியிருக்கிறார்கள். 2013க்கும் 2015க்கும் இடையில் பொய்க்குற்றம் சுமந்தவர்கள் ஏறத்தாழ 40,000 பேர். நீதிமன்றப் படிகளில் வருடக்கணக்காக ஏறி இறங்கி, 2022இல் 2 கோடி டாலருக்கு மாநிலம் சமரசம் செய்துகொண்டது.

ஆஸ்திரேலியாவில் இயந்திரம்கூட அவ்வளவு சிக்கலானதல்ல, வெறும் வகுத்தல் கணக்கு. ‘ரோபோடெட்’ என்று பெயர் வாங்கிய திட்டம் வரித்துறையிடமிருந்து ஒருவரின் ஆண்டு வருமானத்தை எடுத்து இரண்டு வாரத்துக்கு ஒன்றாக 26 தவணைகளுக்குச் சமமாகப் பங்கிட்டது. ஆறு மாதம் வேலை செய்து, ஆறு மாதம் வேலையின்றி உதவித்தொகை வாங்கியவர், இந்தக் கணக்கில் ஆண்டு முழுக்கச் சம்பாதித்தவராகத் தெரிவார். பிறகென்ன, கடன் கடிதம். இல்லை என்று நிரூபிக்கப் பல வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டைத் தேடுவது அவர் பாடு. 4 லட்சத்துக்கும் அதிகமானோரிடம் 170 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கேட்டார்கள். 2019இல் இதற்குச் சட்ட ஆதாரமில்லை என்று அரசே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது, 2020இல் 72.1 கோடி டாலரைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான அரச விசாரணை ஆணையத்தின் முன், இந்தக் கடன் சுமத்தப்பட்டுத் தற்கொலை செய்துகொண்ட இளைஞர்களின் தாய்மார் வந்து சாட்சி சொன்னார்கள்.

உண்மையான மோசடியே இல்லையா? ஏராளமாக உண்டு. கொரோனாக் கால உதவித்தொகையில் 10,000 கோடி முதல் 13,500 கோடி டாலர் வரை மோசடியில் போயிருக்கலாம் என்பது அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓவின் மதிப்பீடு. அதில் கணிசமான பங்கு பிறர் அடையாளத்தைத் திருடிய கும்பல்களின் வேலை. அந்தக் கும்பல்களுக்கும் தள்ளுபடிக்கும் சம்பந்தமே கிடையாது. வாங்கியவர் மேல் தவறு இருக்கக் கூடாது, திருப்பிக் கேட்பது நியாயத்துக்குப் புறம்பாக இருக்க வேண்டும் என்ற இரண்டும் சேர்ந்தால்தான் கொரோனாக் காலத் திட்டங்களில் சட்டம் தள்ளுபடிக்கு இடம் தந்தது. கும்பலைப் பிடிக்க முடியாத கோபத்தை முகவரி மாறாத ஏழையிடம் காட்டுவதற்கு நேர்மை என்று பெயர் வைக்க முடியாது.

இந்தக் கோபமும் ஆள் பார்த்துத்தான் வருகிறது. அதே கொரோனாக் காலத்தில் நிறுவனங்களுக்குச் சம்பளப் பாதுகாப்புக் கடனாகச் சுமார் 80,000 கோடி டாலர் போயிற்று. அதில் மிகப் பெரும்பகுதி தள்ளுபடியானது. 1,50,000 டாலர் வரையிலான கடனுக்கு ஒரு பக்கப் படிவம் போதும் என்றார்கள். அந்தத் திட்டமே அப்படித்தான் வகுக்கப்பட்டது என்பது சரி. ஆனால் முதலாளிக்கு ஒரு பக்கத்தில் முடிந்த காரியத்துக்கு, வேலை போனவர் மட்டும் மாதக்கணக்கில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு ஏன் நிற்க வேண்டும்?

‘நேர்மையாகத் திருப்பிக் கட்டியவன் ஏமாளியா?’ என்பார்கள். வலுவான கேள்வி. கனடா இதற்கு விடை வைத்திருக்கிறது. அங்கே கொரோனா உதவித்தொகைக்குச் சுயதொழிலாளர்களின் 5,000 டாலர் வருமானத் தகுதி, செலவு போகவா போகாமலா என்று அரசு தெளிவாகச் சொல்லவில்லை. 2020 டிசம்பரில் வரித்துறை அனுப்பிய 4,41,000 கடிதங்கள் வீடுகளில் பீதியைக் கிளப்பின. 2021 பிப்ரவரியில் அரசு இறங்கிவந்தது: மொத்த வருமானம் அந்த அளவைத் தொட்டு, மற்ற தகுதிகளும் இருந்தால் கட்ட வேண்டாம்; ஏற்கெனவே கட்டியவருக்குப் பணம் திரும்ப வரும்.

கொடுத்த பணத்தை எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளலாம் என்றிருக்கும் அலுவலகம் எதற்காகக் கவனமாகக் கணக்குப் பார்க்கப்போகிறது? தள்ளுபடி, பிழையின் செலவை அதைச் செய்தவர் கணக்கில் எழுதுகிறது. ஆனால் இன்றும் பல இடங்களில் அது கேட்டால்தான் கிடைக்கிறது. படிவம், கெடு, வருமானச் சான்று, மேல்முறையீடு என்று ஒவ்வொன்றையும் தாண்ட வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதியும் வேறு. பிழை தன்னுடையது என்று அலுவலகத்தின் கோப்பே சொல்லும்போது, விண்ணப்பம் எதுவும் கேட்காமல் அந்தத் தொகையை அலுவலகமே அடித்துவிட வேண்டும். விண்ணப்பித்தவர் பொய் சொன்னார் என்றால் அதை நிரூபிக்கும் வேலையையும் அதுவே பார்க்கட்டும்.