அட்வான்ஸ் ஒருத்தரிடம்... சாவி இன்னொருத்தரிடம்!

சீஸன் நேரத்தில் நம்ம ரமணாசிரமம் பக்கம் வாடகைக்கு ரூம் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஒருத்தரிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டு, கூடுதலாகத் தர்றார்னு இன்னொருத்தரிடம் சாவியைக் கொடுக்கிற ஹவுஸ் ஓனரை யோசிச்சுப் பாருங்க. அந்த மாசம் லாபம்தான். ஆனா, சாயங்காலத்துக்குள் டீக்கடை வரைக்கும் பேர் நாறிடும்!

கால்பந்து கிளப்களுக்கும் இதே கதைதான் பாஸ்!

அன்வர் அலி... இந்திய அணியின் டிஃபண்டர். 2023-ல் டெல்லி எஃப்.சி.யிலிருந்து நாலு வருஷ 'லோன்' ஒப்பந்தத்தில் கொல்கத்தாவின் மோகன் பகானுக்குப் போனார். ஒரே வருஷம்தான். 2024-ல் அதை முறித்துக்கொண்டு, பரம எதிரியான ஈஸ்ட் பெங்காலுக்குத் தாவினார். சும்மா விடுவாங்களா? பஞ்சாயத்து அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்குப் போனது. 2024 செப்டம்பரில் வந்தது தீர்ப்பு. அன்வருக்கு நாலு மாசம் தடை. மோகன் பகானுக்கு 12.90 கோடி ரூபாய் நஷ்டஈடு. ஈஸ்ட் பெங்கால், டெல்லி எஃப்.சி. ரெண்டும் அடுத்த ரெண்டு டிரான்ஸ்ஃபர் சீஸனில் புது வீரர்களைப் பதிவு பண்ணவே கூடாது!

விவகாரம் டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போக, 'திரும்ப விசாரிக்கிறோம்' என்று சில நாளிலேயே உத்தரவை வாபஸ் வாங்கியது சம்மேளனம். ஆக, தீர்ப்பு சொன்னவங்க பேரும் டேமேஜ்!

ஈஸ்ட் பெங்காலுக்கு இந்தத் தலைவலி புதுசில்லை. கோஸ்டாரிகாவுக்காக உலகக் கோப்பை ஆடிய ஜானி அகோஸ்டாவுக்குச் சம்பள பாக்கி வைத்ததால், 2021-ல் ஃபிஃபாவே புது வீரர்களைச் சேர்க்கத் தடை போட்டது. பாக்கி பழைய முதலீட்டாளர் காலத்தது. மாட்டிக்கிட்டதோ புது நிர்வாகம்! பணத்தைக் கட்டினால் தடை நீங்கிடும். ஆனா, அடுத்து பேச வர்ற வீரரின் ஏஜென்ட் 'முதல்ல பணத்தை எண்ணி வைங்க' என்றுதானே ஆரம்பிப்பார்? வீரரை லோனில் எடுக்கிற கிளப்பும் 'நடுவுல கழண்டுக்கிட்டா என்ன பண்றது?' என்று பத்து கண்டிஷன் போடும்.

கிளப் மாறுவது தப்பே இல்லை. பேசி முடிச்சிட்டுப் போறதுக்கும், பாதியில் கையை உதறிட்டுப் போறதுக்கும் உள்ள வித்தியாசம்தான் கிளப்போட மார்க்கெட் வேல்யூ.

ரெண்டு ஆஃபர் லெட்டரைப் பையில வெச்சுக்கிட்டு, சேர்ற அன்னிக்குக் காலையில் ஒரு கம்பெனிக்கு 'டாட்டா' காட்டத் திட்டம் போடுற ஃபைனல் இயர் சிங்கங்களே... உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்த வருஷம் அந்தக் கம்பெனி நம்ம காலேஜ் பக்கமே வரலைன்னா, டிரான்ஸ்ஃபர் தடை யாருக்கு? பாவம், ஜூனியர்ஸுக்கு!