பறவைகளை நோக்கக் கற்பிப்போம்

பழனி மலையடிவார மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் நாம், பத்து வயது மாணவன் ஒருவனின் பையிலிருந்த பால்சா மரத்துண்டுகளை "வீண் விளையாட்டு" எனக் கடிந்து பறித்து வைத்தோம். அவனுடைய தந்தை வந்து, "உஸ்தாத், ஒருமுறை வந்து பாருங்கள்" என்று பணிவுடன் அழைத்தார்.

விடுமுறையில் கொடைக்கானலை அடுத்த மன்னவனூர்ப் புல்வெளிக்கு அவர்களுடன் சென்றோம். பழைய வரைபடம் ஒன்றைப் பார்த்து, தென் அமெரிக்காவில் விளையும் அந்த இலேசான மரத்தைச் சீவி ஒட்டி, மெல்லிய தாள் போர்த்திச் செய்த எஞ்சினில்லா விமானம் அது. முதல் வீச்சில் மூக்கை நிமிர்த்தித் தடுமாறி விழுந்தது. சிறுவன் சினங்கொள்ளவில்லை; மூக்கில் சிறிது களிமண் வைத்தான். இப்போது தலைகுப்புறப் பாய்ந்தது; களிமண்ணைக் குறைத்தான். நான்காம் முறை அது நெடுந்தூரம் மிதந்து சென்று புல்லில் மெல்ல இறங்கிற்று.

9ஆம் நூற்றாண்டில் குர்துபாவில் சிறகு கட்டிப் பறக்க முயன்ற அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், வால் அமைக்காததால் இறங்குகையில் முதுகில் காயமுற்றார் என்று வரலாற்றாசிரியர் மக்கரீ எழுதுகிறார். சிறகுக்கு வாலும் சமநிலையும் ஏன் வேண்டும் என்பதை இச்சிறுவன் தன் கைகளாலேயே அறிந்துகொண்டான்.

அல்முல்க் அத்தியாயத்தின் 19ஆம் வசனம் வானில் பறக்கும் பறவைகளைச் சிந்திக்க நம்மை அழைக்கிறது. அதை மனனம் செய்வித்த நாம், அண்ணாந்து பார்க்கக் கற்பிக்கவில்லை. பிழை நம்முடையதே.

பெற்றோரே, தொழுகை நேரம் தவறாமலும் பள்ளத்தாக்கின் விளிம்பை அணுகாமலும் பிள்ளைகள் இதைச் செய்யட்டும். கைப்பேசியை வைத்துவிட்டு, அவர்கள் அருகில் நாமும் அமர்வோம், இன்ஷா அல்லாஹ்.