சாவி இருந்தும் கிளம்பாத வண்டி

பூமியையே கடலின் அடியிலிருந்து தூக்கி நிறுத்தியவர் எங்கள் ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள். அவருடைய சந்நிதித் தெருவிலேதான், சென்ற சித்திரை மாதத்தில் ஒரு நாள் உச்சி வேளையில், அடியேனுடைய சின்ன மோட்டார் வண்டி ஓர் அங்குலம்கூட நகரமாட்டேன் என்று நின்றுவிட்டது. உள்ளே என் தாயார் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் சிதம்பரத்தில் அவருக்குக் கண்ணில் சத்திர சிகிச்சை. அன்று சாயங்காலத்திற்குள் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட வேண்டுமென்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு.

வண்டி 2006-ஆம் வருஷத்தியது. நான் அதற்கு மூன்றாவது சொந்தக்காரன். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது. எஞ்ஜின் மட்டும் பற்றிக்கொள்ளவில்லை. உடனே நாலு பேர் வந்து தள்ளினார்கள். நம் ஊர்களில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வண்டி தள்ள ஆளுக்குப் பஞ்சம் வந்ததில்லை. ஒரு பெரியவர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார். "பெட்ரோல் இருக்கிறதா, ஸார்?" என்று மூன்று பேர் தனித்தனியாக விசாரித்தார்கள். மீட்டர் பலகையில் சாவி உருவத்தில் ஒரு சிறு விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்ததை மட்டும் ஒருவரும் கவனிக்கவில்லை, நானுந்தான்.

அம்மாவை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு காட்டுமன்னார்கோயில் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். வழியில் டெலிபோனில் விசாரித்ததற்கு, ஒரு தொழிற்சாலைக்காரர் வண்டியைப் பாராமலே, "கம்ப்யூட்டர் போயிருக்கும், மாற்ற 38,000 ரூபாய் ஆகும்" என்றார். வண்டியை நான் வாங்கியதே 70,000 ரூபாய்க்கு! அன்றிரவு வீட்டிலிருந்து மகன் கூப்பிட்டான்: "அப்பா, சும்மா திருப்பிப் பார்த்தேன். வண்டி கிளம்பிவிட்டது."

இந்த விநோதத்தைப் புரிந்துகொள்ள, அந்தச் சிறு விளக்கு எதற்காக இருக்கிறதென்று தெரியவேண்டும். மோட்டார் திருட்டு மோட்டாரைப் போலவே பழமையானது. 1919-லேயே அமெரிக்காவில் இருவர், பலகையிலுள்ள ஒன்பது ஸ்விச்சுகளைச் சரியானபடி வைத்தாலொழிய எஞ்ஜின் கிளம்பாது, தப்பினால் ஹாரன் அலறும் என்ற ஓர் ஏற்பாட்டுக்குப் பேடன்ட் வாங்கினார்கள். 1940-ல் யுத்த பயத்தினால் பிரிட்டனில், நிறுத்திவிட்டுப் போகும் வண்டியை ஓடாதபடி செய்துவிட்டே போகவேண்டுமென்று உத்தரவு பிறந்தது. டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டாரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனவர்கள் உண்டு. இக்காலத்து 'இம்மொபிலைஸர்' அந்த ரோட்டாரின் பேரப்பிள்ளை. பிரிட்டனில் 1998 முதல் புதுக் கார்களுக்கெல்லாம் இது கட்டாயம்.

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் மிகச் சிறிய சிப் ஒன்று இருக்கிறது. சாவித் துவாரத்தைச் சுற்றி வளையமாக ஒரு கம்பிச் சுருள். ஸ்விச்சைப் போட்டதும் வளையத்தில் விநாடிக்குச் சுமார் 1,25,000 தடவை மாறும் மின்சாரம் ஓடுகிறது. அந்தக் காந்தப் புலத்திலிருந்தே சிப் சக்தி பெற்று விழித்துக்கொண்டு, தன் ரகசிய எண்ணைச் சொல்கிறது. எண் சரியாக இராவிட்டால், எஞ்ஜினின் கம்ப்யூட்டர் பெட்ரோலையோ பொறியையோ நிறுத்திவிடுகிறது. அப்புறம் ஊரே கூடித் தள்ளினாலும் பிரயோஜனமில்லை. கடைத்தெருவில் 200 ரூபாய்க்கு வெட்டித் தரும் வெறுஞ்சாவி கதவைத் திறக்கும், பூட்டிலும் திரும்பும். எஞ்ஜினை மட்டும் கிளப்பாது. கதவு திறக்கும் ரிமோட்டிற்குள் இருக்கும் குட்டிப் பாட்டரியை மாற்றியும் பயனில்லை. இந்தச் சிப்புக்குப் பாட்டரியே கிடையாது.

இதன் பெயர் மின்காந்தத் தூண்டல். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை வருஷா வருஷம் கரும்பலகையில் சுருள் சுருளாக வரைந்து காட்டுகிறவன் நான். என் சொந்த வண்டியில் அதே பாடம் விளக்குப் போட்டுக் கூப்பிட்டபோது எலுமிச்சம்பழத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதை என் மாணவர்கள் படிக்காமலிருப்பார்களாக!

அம்மாவைக் கட்டுடன் வீட்டுக்கு அழைத்து வந்தபிறகு, ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்தேன். விடியற்காலையில் ஏழு நாளும் கிளம்பிற்று. வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றால் ஐந்து நாள் மறுத்தது. பாட்டரி பலவீனமாயிருந்தாலும் கம்ப்யூட்டர் தடுமாறுவதுண்டு. ஆகையால் முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டிவிட்டுச் சோதித்தேன். அது காரணமில்லை. சாவிக்கொத்தில் இன்னொரு வண்டியின் சிப் சாவி சேர்ந்திருந்தாலும் இரண்டும் ஒரே சமயத்தில் பேசிக் குழப்பும். என் கொத்திலிருந்த ஸ்கூட்டர் சாவியைப் பிரித்து வைத்தேன். அதுவுமில்லை. இரண்டாவது சாவி இருந்திருந்தால் அரை நிமிஷத்தில் பாதி வழக்குத் தீர்ந்திருக்கும்: அதில் கிளம்பினால் முதல் சாவி குற்றவாளி, அதிலும் கிளம்பாவிட்டால் வளையமோ, கம்பியோ, கம்ப்யூட்டரோ. பழைய வண்டி வாங்குகிறவர்கள் டயரை உதைத்துப் பார்க்கிறார்கள். இரண்டாவது சாவி எங்கே என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

விருத்தாசலத்தில் ஒரு மோட்டார் எலெக்ட்ரீஷியனிடம் நோட்டுப் புத்தகத்துடன் போனேன். "வெயிலில்தானே, ஸார்?" என்று சிரித்துவிட்டு, ஸ்டீயரிங்கின் கீழ் மூடியைக் கழற்றி, தலைமயிர் உலர்த்தும் கருவியால் வளையத்தின் இணைப்பில் சூடு காட்டினார். விளக்கு விட்டு விட்டு எரிந்தது. ஈரத் துணியால் ஆற்றினார். வண்டி கிளம்பிற்று! சூட்டில் விரிந்து குளிரில் கூடும் மயிரிழை விரிசல் ஒன்று பற்றவைப்பில் இருந்தது. மறுபடி ஈயம் பற்றவைத்தார். கூலி 600 ரூபாய்.

அவருடைய உதவியாள் பையன், "இதைத் துண்டித்தே விடலாமே, ஸார், தொந்தரவு விட்டது" என்றான். அமெரிக்காவில் இம்மொபிலைஸர் வைக்காமல் விற்ற கார்களை, 2021 முதல் விடலைப் பிள்ளைகள் வீடியோவில் பார்த்துக் கற்றுக்கொண்டு, ஒரு யு.எஸ்.பி. கம்பியின் முனையை வைத்தே திருப்பி ஓட்டிச் சென்ற கதையைச் சொன்னேன். எலெக்ட்ரீஷியன் பையனை ஒரு பார்வை பார்த்தார். மூடி மறுபடி ஏறிற்று.

பிறகு வண்டிப் பத்திரங்களைக் காட்டி, பழைய சாவியையும் கையில் கொண்டுபோய், இரண்டாவது சாவி செய்துகொண்டேன். பற்றவைத்ததைவிட அதற்குப் பல மடங்கு செலவாயிற்று. அது இப்பொழுது பூஜை அலமாரியில் பெருமாள் படத்திற்குப் பின்னால் இருக்கிறது. நேற்று அம்மா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, அதன் தலையில் பொடி எழுத்தில் ஏதோ அச்சிட்டிருக்கிறதே, அது என்னவென்று கேட்டார். எனக்குத்தான் மூக்குக் கண்ணாடி தேவைப்பட்டது.