உப்புவெளிக் கடல் கிழக்கே இருக்கிறது

திருகோணமலையை அடுத்த உப்புவெளிக்கு விடுமுறையில் வருகிறவர்களுக்கு, உள்ளூர்க்காரர் மட்டுமே அறிந்த இரகசியங்களைச் சொல்லித் தருவதாக வாக்களித்து ஒரு பயணக் கட்டுரை வெளிவந்திருக்கிறது. எழுதியவரின் பெயரை இங்கே எடுக்கப்போவதில்லை. அவர் ஒருவரோடு முடிகிற நோயாக இருந்தால் பெயர் சொல்லிக் கண்டித்துவிட்டுப் போயிருக்கலாம். கிழக்குக் கரையைப் பற்றி இப்போது வருகிற பயண எழுத்தில் பெரும்பகுதி இதே அச்சில் வார்க்கப்படுவதால் ஆளை விட்டு வாதத்தை எடுத்துக்கொள்கிறேன். அவர் வாதம் இதுதான்: உப்புவெளி இன்னும் கெடாத, ஆளரவமற்ற கடற்கரை, 2009இல் போர் முடிந்த பிறகே உலகம் அதைக் கண்டுபிடித்தது, போவதற்கு உகந்த மாதம் டிசெம்பர், மாலையில் கடலுக்குள் சூரியன் இறங்குவதைக் காணத் தவறக் கூடாது, படகுக்காரர் கேட்பதில் பாதிக்கு மேல் கொடுக்கக் கூடாது, அரசியல் பேச்சு எடுக்கவே கூடாது.

சூரியனிலிருந்து தொடங்குவோம். சின்ன விஷயம்போலத் தெரிந்தாலும் கட்டுரையின் குட்டை உடைப்பது அதுதான். உப்புவெளியின் கடல் கிழக்கே இருக்கிறது. அங்கே சூரியன் கடலிலிருந்து எழும். மாலையில் ஹோட்டல்களின் முதுகுப்புறம், நிலாவெளி வீதிக்கும் அப்பால், தரைப்பக்கமாக மறையும். அந்த மணலில் ஒரே ஒரு மாலை நின்றவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்து நிலப்படத்தில் திருகோணமலையை விரலால் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கும் தேவையில்லை. அப்படியிருக்க, பொன்னிறத் தட்டாகச் சூரியன் அலைக்குள் அமிழ்ந்த காட்சியை அரைப் பக்கத்துக்கு உருகி எழுதியவர் எந்தக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்?

விடையை அவருடைய மற்றக் குறிப்புகளே தருகின்றன. டிசெம்பரில் வரச் சொல்கிறார். ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை கிழக்குக் கரையில் நின்று கொட்டுகிற காலம்; திருகோணமலை ஒரு வருடத்தில் பெறுகிற மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் ஆகிய மூன்று மாதங்களில் விழுந்து தீர்கிறது. வாடைக்காற்று எழுந்து கடல் கொந்தளிக்கிற அந்த நாட்களில் நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குப் படகு விட அனுபவசாலிகள் துணிய மாட்டார்கள். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் கரையேறியது திருகோணமலைக்கு வடக்கே, இதே கரையில்தான். டிசெம்பரில் நீலத்திமிங்கிலம் பார்க்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். திருகோணமலைக்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு வெகு அருகே வந்து ஆழம் சட்டென்று இறங்குவதால்தான் திமிங்கிலங்கள் இவ்வளவு கிட்ட வருகின்றன. ஆனால் அவற்றைத் தேடிப் படகேறுவது கடல் படுத்திருக்கும் ஆண்டின் நடுமாதங்களில். டிசெம்பரில் திமிங்கிலம் பார்க்கப் போகும் ஊர் மிரிஸ்ஸ. டிசெம்பரில் கடல் அடங்கியிருப்பது ஹிக்கடுவையிலும் உனவட்டுனவிலும். சூரியன் கடலில் மறைவதும் அந்தத் தென்மேற்குக் கரையில்தான். மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த வாசகருக்கு முடிவை நான் எடுத்துச் சொல்ல வேண்டுமா? தென்மேற்குக் கரைக்கு எழுதிய குறிப்பை எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் அழித்து உப்புவெளி என்று எழுதியிருக்கிறார். இதற்கு ‘உள்ளூர்க் குறிப்பு’ என்று தலைப்பு வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! எங்கள் கரையில் கச்சான் எப்போது வீசும், வாடை எப்போது திரும்பும் என்பது வள்ளம் தள்ளுகிற பத்து வயதுப் பையனுக்கும் மனப்பாடம். அவனிடம்கூடக் கேட்காமல் எழுதியதை நம்பி ஒரு குடும்பம் ஒரு வருடச் சேமிப்பைச் செலவழித்து வந்து, மழைக்குள் அறையில் அடைந்து கிடந்துவிட்டுத் திரும்பினால் அந்தக் காசுக்கு யார் பொறுப்பு?

‘ஆளரவமற்ற கடற்கரை’ என்பதற்கு வருவோம். இதே கட்டுரையின் இன்னோரிடத்தில், விடியற்காலையில் மீனவர்கள் கூச்சலிட்டபடி வலை இழுப்பதால் தூக்கம் கெடுகிறது, மீன்வாடை வீசுகிறது, ஹோட்டல் நிர்வாகத்திடம் சொன்னால் வேறு பக்கத்து அறை தருவார்கள் என்று ஆலோசனை சொல்கிறார். ஆளில்லாத கடற்கரையில் கூச்சலிட்டது யார், ஐயா? ஒரு பக்கத்துக்கு முன்னால் இல்லாதிருந்த மனிதர்கள், உங்கள் தூக்கத்தைக் கெடுத்த மாத்திரத்தில் உயிர் பெற்று வந்தார்களா? முரண்பாட்டை அவர் கவனிக்காமல் விட்டார் என்று நான் நினைக்கவில்லை. அவர் பார்வையில் விருந்தாளி மட்டும்தான் ஆள். வலை இழுப்பவர் சத்தமும் வாடையும்.

அவர் பார்த்தது கரைவலை. அது கண்ட இடத்தில் வளைக்கிற வலையும் அல்ல. கரையின் எந்தத் துண்டில் எவருடைய வலை வளைப்பது என்பது ‘பாடு’ என்ற முறையால் தலைமுறை தலைமுறையாக வகுக்கப்பட்டது. இன்று கடற்றொழில் திணைக்களத்தின் அனுமதியோடு நடப்பது. வள்ளத்தில் போய் வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டு, இரண்டு கம்பாக்கயிற்றையும் இரண்டு அணியாகப் பிரிந்து நின்று, அம்பா பாடி, மணிக்கணக்கில் இழுத்து மடியைக் கரைசேர்க்கிறார்கள். விழுந்த மீன் பங்கு பங்காகப் பிரியும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு இவ்வளவு, இழுத்தவருக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. பருவத்துக்கு நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் மீனவர்கள் கிழக்குக் கரைக்கு இடம்பெயர்ந்து வருவதும், அதனால் எழும் உரசல்களும் இந்தக் கரையின் வரலாற்றில் அடக்கம். இவ்வளவும் நடக்கிற மணலில் சாய்கதிரை வரிசையாகப் போட்டால் பாடு எங்கே போகும்? கிழக்கில் உல்லாச விடுதிகள் பெருகிய இடங்களில் மீனவர் கேட்கிற முதற்கேள்வி இதுதான். உள்ளூர் இரகசியம் தேடி வந்தவர் காதில் அது ஏறவில்லை.

2009இல் உலகம் கண்டுபிடித்ததாம். 1660இல் ஆங்கிலேய மாலுமி ரொபேட் நொக்ஸ் பிடிபட்டது திருகோணமலைக் குடாவின் மறுகரையிலே, கொட்டியாரத்தில். போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்த கல்லைக் கொண்டே கோட்டை கட்டியதற்கு நான்கு நூற்றாண்டு ஆகிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய துறைமுகம் இது; அந்த இரண்டாம் உலகப் போரில் மாண்டவர்களின் கல்லறைகள் உப்புவெளியிலேயே நிலாவெளி வீதியோரம் வரிசையாக நிற்கின்றன. பிரித்தானியக் கடற்படை 1957 வரை இங்கிருந்தது. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோணேசர் கோயில் நிற்கிற சுவாமி மலையடியில் முக்குளித்துக் கோயிலின் இடிபாடுகளைக் கடலுக்குள் கண்டார்கள். உல்லாச ஹோட்டல்கள்கூட 1983க்கு முன்பே இங்கே இருந்தவை. வந்தவர்கள் ஏன் நின்றுபோனார்கள் என்று கேட்டால் கதை போருக்குள் போகும். போருக்குள் போனால் அரசியல் வரும். அரசியல் வந்தால் கட்டுரைக்கு விருந்தோம்பியவர்களின் முகம் சுளிக்கும். ஆகவே கண்டுபிடிப்பு 2009இல் நடந்ததாக வைத்துக்கொள்வது எல்லோருக்கும் வசதி.

புறாமலை பற்றிய பத்தியைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. நீர் வற்றும் நேரத்தில் பவளப்பாறைமேல் நடந்து பார்ப்பது மறக்க முடியாத அனுபவம் என்கிறார்; கரையில் ஒதுங்கிய பவளத் துண்டை நினைவாக எடுத்து வரலாம் என்கிறார். புறாமலை 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். அங்கிருந்து பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றம். எடுத்தவர் மாட்டிக்கொண்டால் கட்டுரையாளர் வந்து அபராதம் கட்டுவாரா? 1998இல் கடல் சூடேறி இலங்கையைச் சுற்றிய பவளங்களில் பெரும்பகுதி வெளிறிச் செத்தபோது பெருமளவில் தப்பியவை திருகோணமலைப் பக்கத்துப் பவளங்கள். பவளம் கல்லல்ல, உயிர். வருடத்துக்குச் சில மில்லிமீற்றரோ சென்ரிமீற்றரோ வளர்வது. சூட்டுக்குத் தப்பியதை மிதித்து நொறுக்கச் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் இயற்கையை நேசியுங்கள் என்று எழுத ஒருவருக்குக் கை எப்படி வருகிறது? திமிங்கிலத்தைப் பற்றியும் இதே அறிவுரை: படகுக்காரரை எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு கிட்டப் போகச் சொல்லுங்கள் என்று. 2012இன் விதிகள் நூறு மீற்றர் இடைவெளி கேட்கின்றன. விருந்தாளி சொன்னதால் விதியை மீறுகிற படகுக்காரர் அனுமதியை இழப்பார். விருந்தாளி படத்தோடு ஊர் திரும்புவார்.

அந்தப் படகுக்காரரிடம்தான் பாதி விலைக்குப் பேரம் பேச வேண்டுமாம். கடற்கரை உணவகத்தில் ஒரு கோப்பிக்கும் ஒரு துண்டு கேக்குக்கும் கேட்ட தொகையை வாய் திறக்காமல் கொடுத்ததோடு அதைப் புகழ்ந்தும் எழுதியவர், கடலுக்குள் கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற ஆளைத் திருடன் என்கிறார். ஒன்றைச் சொல்கிறேன். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாயானது. கிழக்குக் கரையின் சிறுபடகு இயந்திரங்கள் பெரும்பாலும் ஓடுவது மண்ணெண்ணெயில். எண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்ததையும், எரிபொருள் நிலைய வாசலில் கொள்கலன்களோடு மனிதர்கள் வரிசையில் நின்றதையும் கண்ட எவரும் அந்தத் தொழிலாளியின் கூலியில் பாதியைப் பிடுங்குவதைச் சாமர்த்தியமாகச் சொல்லித்தர மாட்டார்.

கன்னியா வெந்நீரூற்றுக்கு அவர் சூட்டியிருக்கிற பெயர் இயற்கை ஸ்பா. ஏழு கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு, இறங்கி மூழ்குகிற குளமல்ல, வாளியால் அள்ளி ஊற்றிக் குளிக்கிற சிறு கிணறுகள். தாய்க்குக் கருமம் செய்ய இராவணன் உண்டாக்கிய தீர்த்தம் என்பது ஐதிகம். அந்த நம்பிக்கையில் திருகோணமலைச் சைவர்கள் அந்தியேட்டிக்கும் முப்பத்தோராம் நாள் கிரியைக்கும் அங்கே போவார்கள். ஈரத்துணியோடு ஒரு மகன் தந்தைக்குப் பிண்டம் வைக்கிற இடத்தில் குதூகலப் படம் எடுக்கச் சொல்லலாமா? அந்த இடத்தின் உரிமைக்காக 2019 ஜூலையில் மக்கள் திரண்டதும், அங்கே புதிதாக விகாரை கட்டுவதற்குத் திருகோணமலை மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டதும் அவருக்குத் தெரியாதா? தெரிந்திருந்தால் மறைத்தது குற்றம்; தெரியாவிட்டால் எழுதியது குற்றம்.

அரசியல் பேசாதீர்கள் என்ற கட்டளையின் உள்நோக்கம் இங்கே வெளிச்சமாகிறது. கோணேசர் கோயிலுக்குப் போகிற பக்தர் இன்றும் இராணுவம் நிலைகொண்டிருக்கும் பிரெட்றிக் கோட்டைக்குள்ளால்தான் நடந்து போகிறார். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கைதான பதின்மூன்று விசேட அதிரடிப்படையினரும் 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லையென விடுவிக்கப்பட்டார்கள். விடுமுறைக்கு வந்தவரிடம் இதை யாரும் வற்புறுத்திச் சொல்வதில்லை. எங்கள் ஆட்கள் சிரித்த முகத்தோடு புட்டும் நண்டுக்கறியும் பரிமாறுவார்கள். ஆனால் தானாக வாய் திறந்து பேசுகிற ஒரு தாயையும் தடுத்துப் பேச்சை மாற்றுங்கள் என்று சொல்லித்தருவது நாகரிகமா? போதாக்குறைக்கு, எல்லோரையும் சிங்களத்தில் ‘ஆயுபோவன்’ சொல்லி வணங்கும்படி தமிழ் வாசகருக்கே தமிழில் பாடம் எடுக்கிறார். 2012 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஐந்தில் இரண்டு பங்கு, அடுத்து தமிழர், பிறகு சிங்களவர். ஓட்டோக்காரரிடம் “வணக்கம் அண்ணை” என்றோ “ஸலாம் நானா” என்றோ சொல்ல ஒரு தமிழருக்கு வழிகாட்டி எதற்கு?

கட்டுரையின் கடைசி வரியில் ஒரு விடுதிக்கு நன்றி சொல்லப்பட்டிருக்கிறது. எல்லாக் குறிப்புகளும் அந்த வாசலிலேயே வந்து முடிகின்றன: சாப்பாடு அங்கே, படகு அங்கே சொல்லி, திமிங்கிலப் பயணம் அவர்களூடாக. டிசெம்பரில் அறைகள் காலியாகக் கிடப்பது யாருக்குப் பிரச்சினை என்று யோசிக்க வாசகருக்கு என் உதவி வேண்டாம். விளம்பரம் எழுதுவது குற்றமல்ல; விளம்பரம் என்று போட்டு எழுதட்டும்.

அந்த இதழின் ஆசிரியரிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள்: உப்புவெளிக்குச் சித்திரைக்குப் பிறகு, புரட்டாசிக்குள் வரவும், புறாமலையில் பவளத்தை மிதிக்கவோ எடுக்கவோ வேண்டாம், படகுக்காரருக்கு முழுக் கூலி கொடுக்கவும், கன்னியாவில் கருமம் செய்கிறவர்களுக்கு வழிவிடவும். நான்கு வரிதான். வாடை எழுவதற்கு முன் அச்சேறட்டும்.