முழம் 55,000 ரூபாய்

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய இரண்டு இரவுகளிலும் பகலைப்போல் விளக்கெரிய நடந்து முடிந்த பார்முலா-4 கார்ப் பந்தயத்தைப் பற்றி, நடத்தியவர்கள் பெருமிதத்தோடும், எதிர்த்தவர்கள் எரிச்சலோடும், பத்திரிகைகள் இரண்டையும் சரிபாதியாகக் கலந்தும் எழுதி ஓய்ந்துவிட்ட பிறகு, நானும் ஒரு கட்டுரையோடு வந்து நிற்பதற்கு உள்ள ஒரே காரணம், நான் படித்த மட்டில் இந்த மூன்று தரப்பாரில் ஒருவருக்காவது சோழவரம் என்ற ஊர்ப்பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை என்பதுதான்.

தெற்காசியாவிலேயே இரவில் நடக்கும் முதல் தெருப்பந்தயம் என்றார்கள். இருக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மேடைகளில் பேசியவர்களின் தோரணையையும், சுவரொட்டிகளின் உற்சாகத்தையும் பார்த்தால், மோட்டார்ப் பந்தயம் என்ற வஸ்துவே 2023-இல்தான் கப்பலில் வந்து நமது துறைமுகத்தில் இறங்கியது போலவும், மிக்ஜாம் புயல் குறுக்கிட்டு டிசம்பரிலிருந்து தள்ளிப்போட்டதாலும், வழக்குகள் உயர்நீதிமன்றப் படியேறியதாலும் சற்றுத் தாமதமாகத் தமிழனுக்கு அந்தப் பாக்கியம் கிட்டியது போலவும் ஒரு பிரமை உண்டாகிறது. எழுபது வருஷத்துச் சரித்திரத்தை இவ்வளவு சுலபமாகத் துடைத்துவிட முடிவதைக் கண்டு வியப்பதா, வருந்துவதா என்று எனக்குத் தெரியவில்லை.

நகரத்துக்கு வடக்கே, கல்கத்தாவுக்குப் போகும் பெருவழியில், இரண்டாவது உலக யுத்தத்தின்போது விமானங்கள் இறங்குவதற்காகப் போடப்பட்டு, யுத்தம் முடிந்ததும் ஆடு மேய்க்கிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் பிரயோஜனமின்றிக் கிடந்த ஓடுபாதையைத்தான், 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பந்தயக் களமாக ஆக்கிக்கொண்டது. கல்கத்தாவுக்குப் பாரக்பூர் எப்படியோ அப்படி மதராஸுக்குச் சோழவரம். இரண்டும் விமானத்தின் மிச்சத்தில் மோட்டார் ஓடிய இடங்கள். விமானத்துக்கு வளைவு எதற்கு? ஆகையால் கண்ணுக்கு எட்டிய தூரம் நேராகக் கிடக்கும் பாதையில் உயிரை வெறுத்து ஓட்டிவந்து, கொண்டை ஊசியைப்போல் மடங்கும் ஒரு திருப்பத்தில் அத்தனை வேகத்தையும் கொட்டிக் கவிழ்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். திரும்ப முடியாதவர்கள் வைக்கோல் கட்டுகளுக்குள் புகுந்து, தலையில் துரும்போடு எழுந்து வருவார்கள். நிழல் என்று சொல்ல அங்கே ஒரு மரம் கிடையாது. குடைகளும், எலுமிச்சைச் சாதப் பொட்டலங்களும், ஈரத்துண்டு சுற்றிய தண்ணீர்ப் பானைகளுமாக ஜனங்கள் அங்கே கூடியதை, திருவிழாவுக்குக் கூடுவதோடு ஒப்பிடுவது வழக்கம். எனக்கென்னவோ அது ஒரு சிராத்தத்துக்குக் கூடிய ஒழுங்கோடு, பசியும் பக்தியுமாக இருந்ததாகத்தான் ஞாபகம்.

என்னை அழைத்துப் போனவர் என் சித்தப்பா. திருவொற்றியூரில் மோட்டார்சைக்கிள் தொழிற்சாலை ஒன்றில் பிட்டராக இருந்தவர். பந்தயம் பார்க்க அவர் ஒருநாளும் கயிற்றோரம் நின்றதில்லை; நேரே வண்டிகளைச் சரிபார்க்கும் கொட்டகைப் பக்கம் போய்விடுவார். யமஹாவும் ஜாவாவும் ஓடிவந்து நிற்க, ஆமணக்கெண்ணெய் கலந்து எரிந்த புகையின் இனிப்பு வாசம் மூக்கில் ஏற, மெக்கானிக் சுடச்சுடப் பிளக்கைக் கழற்றித் துணியில் பிடித்துக்கொண்டு சூரியனுக்கு எதிரே தூக்கிப் பார்ப்பான். பிளக்கின் மூக்கு கறுத்திருந்தால் பெட்ரோல் மிஞ்சிவிட்டது. வெளுத்திருந்தால் போதவில்லை, பிஸ்டன் தீய்ந்துவிடும். வறுத்த காப்பிப்பொடியின் நிறத்தில் இருந்தால் கடவுள் துணை. "பாத்தியாடா, வைத்தியன் நாக்கைப் பாக்கிற மாதிரி" என்பார் சித்தப்பா. திங்கட்கிழமை காலையில் தொழிற்சாலைக்குப் போய் அவர் எதைச் சொல்வார், எதைச் செய்து பார்ப்பார் என்பது எனக்கு அந்த வயதில் தெரியாது. ஆனால் சோழவரத்தில் ஞாயிற்றுக்கிழமை கற்ற பாடம் திங்கட்கிழமை திருவொற்றியூரில் உபயோகப்படாமல் போயிருக்கும் என்று நம்ப நான் தயாராக இல்லை.

இந்தப் பூகோளத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ். திருவொற்றியூரில் 1955 முதல் என்பீல்டு புல்லட். அதே திருவொற்றியூரில் 1946-இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கி, பிற்பாடு டயருக்கு வந்து, இன்று பந்தயத்துக்கென்றே டயர் செய்யும் எம்.ஆர்.எப். இவையனைத்துக்கும் சைக்கிளில் மிதித்துப்போகும் தூரத்தில் சோழவரம். பொம்மைக் கார் மாதிரி இருந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நகரின் மறுகோடியிலிருந்து, வண்டலூர்ப் பக்கத்திலிருந்து, இங்கே வந்து தன் உயரத்துக்கு மீறிய காரியங்களைச் செய்தது. துறைமுகமும், மின்சாரமும், சர்க்கார் சலுகைகளுமே சென்னையை மோட்டார்த் தொழிலின் தலைநகராக்கின என்று பொருளாதாரப் பேராசிரியர்கள் சொல்வார்கள். அது அவர்களுடைய பிழைப்பு. ஒரு யந்திரத்தை அதன் எல்லைவரை துரத்திப் பார்க்கும் துணிச்சலை இந்த ஊருக்குக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் சோழவரம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தக் கட்டிடம் கிடையாது. நிலம் ராணுவத்தினுடையது, அனுமதி கிடைத்தால் பந்தயம், கிடைக்காவிட்டால் இல்லை. அந்த நிர்ப்பந்தத்திலிருந்து விடுபடத்தான் கிளப் தனக்கென்று ஒரு களம் தேடி, ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் இருங்காட்டுக்கோட்டையில், 3.717 கிலோமீட்டர் நீளமும் 12 திருப்பங்களும் கொண்ட ஒரு பாதையை அமைத்து, 1990-இல் திறந்தது. இன்றைக்கு அந்த ஊரின் பெயரைச் சொன்னால் ஹுண்டாய் என்பார்கள். கொரியாக்காரரின் முதல் சான்ட்ரோ அங்கிருந்து வெளியே வந்தது 1998-இல். அதற்கு எட்டு வருஷம் முன்பே அந்தப் பொட்டலில் கார் ஓடிக்கொண்டிருந்தது என்பதை, காரணகாரிய சம்பந்தம் என்று வற்புறுத்தாமல், வெறும் தகவலாக மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன்.

இங்கே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கோயம்புத்தூர் கரிவரதன், மில் குடும்பத்துப் பிள்ளை. சோழவரத்தில் கார் ஓட்டிய செல்வந்தர்கள் பலர் உண்டு, பிற்காலத்தில் வேறு காரியங்களுக்காகப் பெயர் வாங்கிய விஜய் மல்லையாவும் அவர்களில் ஒருவர். ஆனால் கரிவரதன் ஓட்டுவதோடு நிற்கவில்லை. வெளிநாட்டுப் பந்தயக் காரை வாங்கத் திராணியில்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று யோசித்து, மாருதி 800-இன் எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உள்ளூரில் கட்டிக்கொடுத்தார். அவர் 1995-இல் ஒரு சிறுவிமான விபத்தில் மாண்டார். 2003 முதல் செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயப்பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் போட்ட வித்து என்ன ஆயிற்று? இந்தியா இதுவரை பார்முலா-1 பந்தயத்துக்கு அனுப்பியிருப்பவர்கள் இரண்டே பேர். 2005-இல் நரேன் கார்த்திகேயன்; ஊர் கோயம்புத்தூர். 2010-இல் கருண் சந்தோக், ஊர் சென்னை. நூற்று நாற்பது கோடி ஜனங்களில் இரண்டு பேர், இருவரும் இந்த மாகாணத்துக்காரர்கள், இருவரும் இருங்காட்டுக்கோட்டையில் சக்கரம் உருட்டியவர்கள். பார்முலா-1 குழு ஒன்றையே பத்து வருஷம் சொந்தமாக வைத்திருந்த மல்லையா, அதில் ஒரு பந்தயத்திலாவது ஓர் இந்தியரை ஓட்டவைக்கவில்லை என்பதையும் கூடவே நினைத்துக்கொண்டால், எந்தப் பணம் எதைச் செய்யும் என்பது விளங்கும்.

பணம் என்றதும் என் கணக்குக்கு வருகிறேன். தெருப்பந்தயத்துக்காகச் சர்க்கார் செலவிட்டதாக நீதிமன்றத்தில் அடிபட்ட தொகை 42 கோடி ரூபாய். பாதையின் நீளம் மூன்றரைக் கிலோமீட்டர், அதாவது 3,500 மீட்டர். வகுத்துப் பாருங்கள்: மீட்டருக்கு 1,20,000 ரூபாய். மீட்டர் என்பது அன்னிய அளவு, மனத்தில் ஒட்டாது என்பவர்களுக்காக முழத்தில் சொல்கிறேன்: முழம் ஏறத்தாழ 55,000 ரூபாய். சாண் 27,000-க்கு மேல். அண்ணா சாலையோரத்தில் மல்லிகைச் சரத்தை முழங்கையோடு வைத்து அளந்து, கடைசியில் இரண்டு பூவைக் கூடுதலாக விட்டுக் கிள்ளித் தரும் பூக்காரி, அதே சாலையில் தாருக்கும் முழக்கணக்கு உண்டு என்று அறிந்தால் என்ன நினைப்பாள்? இந்த விகிதத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பாதைக்கு மதிப்புப் போட்டால் 44 கோடியே 60 லட்சம் ஆகிறது. இது இரண்டு இரவுக் கூலி. அப்படியானால் வருஷக்கணக்காக, ஒருவர் தூக்கத்தையும் கெடுக்காமல் வண்டி ஓடிய 34 வருஷத்துக்கு என்ன கூலி கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன், காகிதம் போதவில்லை. தவிரவும், தெருப்பாதையைவிட நிரந்தரப் பாதை 217 மீட்டர் அதிகம் நீளம். அந்த உபரி மட்டுமே, சர்க்கார் விலையில், 2 கோடியே 60 லட்சம் பெறும்!

தார் எங்கும் போய்விடவில்லை, நாளைக்கு அதன்மேல் பஸ் ஓடும் என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. பஸ்ஸுக்காகச் சாலை போடுவதற்குப் பந்தயம் வேண்டியதில்லை. மாநகராட்சி இருந்தால் போதும். மோட்டார்ப் பந்தயம் பணக்காரன் பொழுதுபோக்கு, அந்தக் காசைக் கபடிக்குக் கொடு என்கிற எதிர்க்கட்சி வாதத்துக்கும் நான் செவிகொடுக்கப் போவதில்லை; பிளக்கின் நிறத்தைப் பார்த்துச் சொன்ன என் சித்தப்பா எந்தப் பணக்காரரும் இல்லை. இருங்காட்டுக்கோட்டைக்கு வாலிபர்கள் வரமாட்டார்கள், ஆகையால் பந்தயம் அவர்களிடம் போக வேண்டியிருக்கிறது என்போர், பஸ்ஸும் மெட்ரோவும் இல்லாத காலத்தில் சோழவரத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்திராத பாவப்பட்டவர்கள். மொனாக்கோ 1929 முதல் தெருவில் ஓட்டவில்லையா, மக்காவ் 1954 முதல் ஓட்டவில்லையா, சிங்கப்பூர் இரவில் ஓட்டவில்லையா என்று கேட்கிறார்கள். மொனாக்கோவுக்கும் மக்காவுக்கும் இருங்காட்டுக்கோட்டை இல்லை. அவ்வளவுதான் பதில்.

உள்நாட்டு உதாரணங்கள் இன்னும் தெளிவானவை. கிரேட்டர் நொய்டாவில் கோடிகோடியாகக் கொட்டி, 5 கிலோமீட்டருக்கு மேல் நீளமாகப் பாதை போட்டு, 2011 முதல் 2013 வரை மூன்று வருஷம் பார்முலா-1 நடத்தினார்கள்; அது விளையாட்டா கேளிக்கையா என்ற வரித்தகராறு முற்றி, நான்காவது வருஷம் பந்தயம் மறைந்தது. ஹைதராபாத்தில் ஏரிக்கரையோரம் மின்சாரக் கார்களை ஓட்டினார்கள், 2023-இல் ஒருமுறை, சர்க்கார் மாறியதும் இரண்டாவது முறை ரத்து. மூன்று வருஷம், ஒரு வருஷம். மந்திரிகளின் ஆதரவில் முளைத்தவை மந்திரிகளின் ஆயுளைத் தாண்டுவதில்லை. கிளப் அங்கத்தினர்களின் பிடிவாதத்தில் முளைத்தது மட்டும் 1990 முதல் நிற்கிறது. சர்வதேச மோட்டார்ச் சம்மேளனத்தின் அங்கீகாரம் அதற்கு என்றோ கிடைத்துவிட்டது. தீவுத்திடலிலோ சனிக்கிழமை பொழுது சாய்ந்தும் பாதுகாப்புச் சான்று வந்து சேராமல், டிக்கெட் வாங்கிய ஜனங்கள் வெறும் பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நாய் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், சிரிப்பவர்கள் சிரிக்கலாம். கிரேட்டர் நொய்டாவில் 2011-இல் முதல்நாள் பயிற்சி ஓட்டத்தையே ஒரு தெருநாய் நிறுத்தியது. சென்னையிலும் ஒரு நாய் பாதைக்குள் வந்து, தன் ராஜ்யத்தில் இந்த வெளிச்சமும் வேலியும் யார் போட்டது என்று விசாரிப்பதைப்போல் ஓடியது. அது இருக்கும் தெருவில் நாம் பந்தயம் வைத்தோமே தவிர, பந்தயத்துக்குள் அது வரவில்லை.

ஆகவே நான் சொல்வது இதுதான். அந்த விளக்குகளைச் சிவானந்தா சாலையில் இரண்டு இரவு ஏற்றி அணைக்காமல், இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரமாக நட்டிருந்தால், வாரந்தோறும் இரவுப்பந்தயம் நடந்திருக்கும். ஒரகடத்துத் தொழிலாளியின் பிள்ளை ஷிப்டு முடித்த தகப்பனோடு வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பான். பத்து வருஷத்தில் மூன்றாவது பார்முலா-1 ஓட்டுநரும், பதினைந்தில் நான்காவதும் காஞ்சிபுரம் ஜில்லாவிலிருந்து போயிருப்பார்கள் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. 42 கோடியில் நாம் இழந்தது உலக சாம்பியன் ஒருவரை. அந்த ஆளின் பெயர்தான் தெரியவில்லை.

பந்தயம் முடிந்த வாரத்தில் ஒருநாள் காலை சிவானந்தா சாலை வழியே நடந்து வந்தேன். ஓரத்தில் அடுக்கியிருந்த கான்கிரீட் தடுப்புகளைக் கிரேன் ஒவ்வொன்றாகத் தூக்கி லாரியில் வைத்துக்கொண்டிருந்தது. எங்கேயப்பா போகின்றன இவையெல்லாம் என்று கீழே நின்றிருந்த கிளீனரைக் கேட்டேன்.

"குடோனுக்கு சார். அடுத்த ரேசுக்குத்தான் இனிமே எடுப்பாங்க."

"அடுத்த ரேஸ் எப்போது?"

"அது எங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்று சொல்லிவிட்டு, கயிற்றை இறுக்கக் கட்ட மேலே ஏறினான்.